பகா எண்ணும் நிரூபணமும்



1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் இளைஞர் ஒருவர் எழுத்தராக அமர்ந்தார். அவர்தாம் கணித மேதை இராமானுஜன். மூலக்கொத்தளத்தில் வாழும் எனக்கு அத்துறைமுகம் அதிகத் தொலைவன்று. அவர் உள்ளங்கவர்ந்த பகா எண்களைப் பற்றி இன்று சில கூற விழைகின்றேன்.

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றைவிடப் பெரிய எண்ணே பகா எண். 2, 3, 5, 7, 11 எனச் செல்லும் இவ்வரிசைக்கு முடிவில்லை என்பதை யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே நிரூபித்தார்.

ஓர் எண்ணோடு அதன் வர்க்கத்தையும் 41ஐயும் கூட்டுங்கள். 1க்கு 43, 2க்கு 47, 3க்கு 53. யாவும் பகா எண்களே. 39 வரை இவ்விதி தவறுவதில்லை. ஆகவே என்றுமே தவறாது எனலாமா? 40க்கு 1681 வருகிறது. அது 41இன் வர்க்கமன்றோ! எடுத்துக்காட்டுகள் எத்தனை அடுக்கினும் அவை நிரூபணம் ஆகா.

பெரிய எண் ஒன்றைப் பகா எண் எனத் துணிவது எங்ஙனம்? முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 214,74,83,647 வரும். 46,340 வரையுள்ள பகா எண்கள் யாவற்றாலும் இதனை வகுத்துப் பார்ப்பது நேர்வழி; ஆனால் நெடுவழி. இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி இருப்பின், அக்காரணியை 62ஆல் வகுக்க மீதி 1 வந்தே தீரும். இத்தகைய விதிகளால் பலவற்றை ஒதுக்கி, 1772இல் ஆய்லர் இது பகா எண்ணே என நிலைநாட்டினார்.

இனி இராமானுஜனிடம் வருவோம். 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடலில் பகா எண்களின் எண்ணிக்கையைப் பற்றியும் குறித்திருந்தார். தம் வாய்பாடு மிகத் துல்லியமானது என அவர் கருதியது பொருந்தாது என ஹார்டி கண்டார். ஆயினும் இராமானுஜன் சோர்ந்தாரல்லர். ஒன்றைவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணேனும் உண்டு என்னும் உண்மையைச் செபிசெவ் என்ற ருஷ்ய அறிஞர் முன்னரே நிரூபித்திருந்தார். அதற்குப் புதியதொரு நிரூபணத்தை, 1919இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இரண்டே பக்கங்களில் இராமானுஜன் வெளியிட்டார். மறு ஆண்டு ஏப்ரலில், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

அந்நிரூபணத்தின் ஆற்றலைக் காணுங்கள். 2024இல் அறிவிக்கப்பெற்ற பகா எண் ஒன்று 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அதற்கும் அதன் இருமடங்குக்கும் இடையே மற்றொரு பகா எண் இருப்பதைத் தேடாமலே நாம் அறிவோம்.

மேற்சொன்ன விதி 40இல் ஏன் தவறியது? 40ஐயும் அதன் வர்க்கத்தையும் கூட்டினால் 40 பெருக்கல் 41 ஆகும். அதனோடு 41ஐச் சேர்த்து, காரணத்தை நீங்களே எழுதிப் பாருங்கள்.