வானலைக்கு ஒரே வாசலா?

(கிளிநொச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செய்தித் தடை என்றால் என்னவென்று வன்னி மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் பின் இந்நிலத்துக்குள் வரக் கூடாதெனத் தடுக்கப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. வானொலிப் பெட்டியின் பற்றரியால் ஓர் அரசுக்கு ஆபத்து நேருமென்று கண்டுபிடித்த அறிவாளிகளை என்னென்பது! நம் மக்கள் வாளாவிருந்தார்களா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்திலே பீபீசி தமிழோசையைக் கேட்டார்கள்.

1990 நவம்பரில் புலிகளின் குரல் வானொலி தொடங்கிற்று. 2007 நவம்பர் 27ஆம் நாள் கிளிநொச்சியில் அதன் நிலையத்தின் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. பணியாளரும் பொதுமக்களும் மாண்டனர். யுனெஸ்கோவின் தலைமை இயக்குநரே அதனைக் கண்டித்தார். ஆயினும் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அந்த ஒலிவாங்கியின் முன் மாற்றுக் கருத்துக்கு இடமிருக்கவில்லை. ஒரு கோபுரம், ஒரு குரல் என்ற ஏற்பாடு எவர் கையிலிருப்பினும் குறையுடையதே.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. ஆனால் வாசல் எத்தனை? சில கம்பெனிகளின் கோபுரங்களே! அவை அனைத்தும் அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரத்தில் உயிர் வாழ்பவை. 2007 ஜூனில் ஓர் உத்தரவோடு தமிழ்நெற் தளம் இலங்கையில் அடைபட்டது. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3ஆம் நாளிலும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் அவ்வாறே அடைபட்டன. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எதை எழுதலாமென்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழுவையே அமைத்துவிட்டது.

2017 ஜனவரி 31இல் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில் அமர்ந்தார்கள். ஒரு மாதத்தில் தம் காணியை மீட்டார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்தார்கள். இவர்களின் படங்கள் ஜெனீவா வரை சென்றன. அவ்வேளை வாசலை மூடியிருந்தால்?

ஆகவே கிராமங்கள் தம்முள் கம்பியின்றி இணைதல் வேண்டுமென்கிறோம். வீட்டுக் கூரையிலோ நீர்த்தாங்கியிலோ சிறு வை-ஃபை கருவியைப் பொருத்தினால், அது அடுத்த கருவிக்குச் செய்தியைக் கைமாற்றும், அது அதற்கடுத்ததற்கு. மீன்வலையில் ஒரு கண் அறுந்தால் வலை முழுதும் போகாதது போல, ஒரு கருவி நின்றாலும் செய்தி வேறு வழியிற் போகும். கொழும்பு வாசல் மூடப்பட்டாலும் ஊருக்கு ஊர் பேச்சு நிற்காது. எங்கேனும் ஓரிடத்தில் வெளியுலக இணைப்பு எஞ்சியிருப்பின் அது எல்லா ஊருக்கும் உதவும். எஞ்சாவிடில் வெளியுலகுக்கு வழியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இது கனவன்று. தேனியிலே அரவிந்த் கண் மருத்துவமனை, பல மைல் தூரத்து ஊர்களின் கண் நிலையங்களை இவ்வலைகளாலேயே இணைத்தது. நோயாளர் தம் ஊரிலிருந்தபடியே வைத்தியரோடு முகம் பார்த்துப் பேசினர். தர்மசாலாவில் திபெத்திய அகதிகள் செய்தார்கள். தொலைவேன்? வில்பத்துக் காட்டோரத்தில், மகாவிலச்சி என்னும் சிங்களக் கிராமத்தில் 2006இல் வீடுகளை இப்படி இணைத்தார்கள். சிங்கள உழவனுக்கு ஆகுமானது தமிழ் உழவனுக்கு ஆகாதோ?

வன்னியில் இடர் உண்டு. நிலம் சமதரை, ஈரமுள்ள இலைகள் இவ்வலையை விழுங்கும். காட்டுக்கு மேலே கம்பம் உயர வேண்டும். வெயிலுக்கு இங்கே குறைவில்லையாதலால் மின்சாரத்துக்குச் சூரியத் தகடு போதும்.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே என்பர் சிலர். 2025 ஜூலையில் வந்தது மெய்தான். அதுவும் அனுமதிப் பத்திரத்தோடுதான் வந்தது. அனுமதி தந்தவரின் முகத்தைப் பாராமல் எந்தக் கம்பெனி நடந்தது?

பெரிய தடை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம். அனுமதியின்றித் தொடர்பு முறையொன்றை நடத்துவது குற்றம். 1961 ஏப்ரலில் தந்தை செல்வா தமிழரசுத் தபால் சேவையைத் தொடக்கினார். சில நாளிலே அவசரகாலச் சட்டம் பாய்ந்தது, தலைவர்கள் பனாகொடையில் அடைபட்டார்கள். இன்று நாம் கேட்பது சிறியது: கூட்டுறவுச் சங்கமொன்று தன் அங்கத்தவரிடையே நடத்தும் இணைப்புக்கு அனுமதி வேண்டாமென்று விதி செய்க. ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்பு வரையுள்ள சங்கங்கள் முன்வருமாயின் விண்ணப்பத்தை நாம் எழுதித் தருவோம். மறுக்கப்படின் நீதிமன்றம் செல்லவும் ஆயத்தமாக இருக்கிறோம்.