நத்தை வயிற்றில் நகரத்து ஈயம்



இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில் வீட்டு மதிலைப் பாருங்கள். வெள்ளிச் சரிகை இழுத்துவிட்டதுபோல ஒரு கோடு மின்னும். கோடு முடியும் இடத்தில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பல நேரம் அது சுவரைச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கும். முதுகில் சுமக்கும் ஓட்டை வளர்க்க அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். இலையிலும் மண்ணிலும் கிடைப்பது போதாவிட்டால் நம் சுவரில் கைவைக்கும். கை இல்லாததால், அரம்போன்ற நாக்கை வைக்கும்!

இப்படிச் சுவர் தின்பதில் பேர்போனது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847ஆம் ஆண்டு வில்லியம் பென்சன் என்பவர் மொரீஷியஸ் தீவிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த நத்தைகளின் வழியாக அது இந்தியாவுக்குள் நுழைந்தது. இன்று தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் குப்பைமேடுகளிலும் அதைப் பார்க்கலாம். ஆனால் நான் இன்று சொல்ல வந்தது, நகரத்து நத்தை சுண்ணாம்போடும் இலையோடும் சேர்த்து வேறு எதை விழுங்குகிறது என்பதைப் பற்றி.

நகரத்து மண் வெறும் மண் அல்ல. டயர் தேயும்போது துத்தநாகம் உதிர்கிறது. பிரேக் கட்டை தேயும்போது தாமிரம் உதிர்கிறது. பழைய பெயின்ட் பொருக்கு உதிர்ந்தால் அதில் ஈயம் இருக்கலாம். பழைய பேட்டரிகளைப் பிரிக்கும் இடத்தில் ஈயத்துக்குக் கேட்கவே வேண்டாம். இவற்றைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. பல பத்தாண்டுகள் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து எரித்தோம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியோடு அது நின்றது. புகை நின்றதே தவிர, அதுவரை சாலையோரம் படிந்த ஈயம் எங்கும் போய்விடவில்லை. ஈயம் மக்காது, ஆவியாகாது, மழையிலும் எளிதில் கரையாது. விழுந்த இடத்திலேயே மேல்மண்ணில் கிடக்கும்.

அந்த மேல்மண்ணில்தான் நத்தை வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஊர்கிறது. தூசி படிந்த இலையைத் தின்கிறது, மண்ணையும் தின்கிறது. பறவைபோல இடம் மாறிப் போகவும் அதனால் ஆகாது. பிறந்த தெருவிலேயே பிழைத்தாக வேண்டும்.

ஈயப் பெட்ரோல் ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே லண்டனில் இதைக் கவனித்தார்கள். நகரின் நடுவே ஒரு கார் நிறுத்துமிடம். அங்கே வாழ்ந்த தோட்டத்து நத்தைகளை எடுத்து, அவற்றின் உடலில் ஈயம், துத்தநாகம், காட்மியம் எவ்வளவு, சுண்ணாம்புச் சத்து எவ்வளவு என்று ஆலன் பீபி என்ற ஆய்வாளர் தம் சக ஆய்வாளரோடு அளந்து பார்த்தார். 1983இல் அந்த ஆய்வின் கட்டுரை வந்தது. சுண்ணாம்புச் சத்தையும் ஏன் அளந்தார்கள் தெரியுமா? ஈயம் உடலுக்குள் சுண்ணாம்பின் வேடம் போடக்கூடியது. சுண்ணாம்புக்குத் திறக்கும் கதவில் ஈயமும் நுழைந்துவிடும். நம் குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் ஈயம் போய் உட்காருவதும் இதே தந்திரத்தால்தான்.

காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் கதை இன்னும் விசித்திரமானது. நத்தையின் ஓட்டுக்குள், சுருளின் உச்சிப் பக்கமாக, நம் ஈரலைப்போல ஓர் உறுப்பு இருக்கிறது. செரிமானச் சுரப்பி என்பார்கள். நத்தை தின்ற காட்மியத்தில் பெரும்பகுதி அங்கேதான் சேர்கிறது. அங்கே மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம் காத்திருக்கிறது. கந்தகம் நிறைந்த அந்தப் புரதம் காட்மியத்தைக் கெட்டியாகப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. நத்தையின் இரத்தம் நம்முடையதுபோல இரும்பால் சிவந்தது அல்ல. தாமிரத்தால் நீலம் பூத்தது. ஆகவே தாமிரம் அதற்கு உயிர்ச்சரக்கு, காட்மியம் நஞ்சு. இரண்டும் கலந்துவிடக் கூடாது. ரோமானிய நத்தை என்ற பெரிய ஐரோப்பிய நத்தையில், காட்மியத்துக்கு ஒரு புரதமும் தாமிரத்துக்கு வேறொரு புரதமும் தனித்தனியே இருக்கின்றன என்று ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரத்து ஆய்வாளர் ராய்ன்ஹார்ட் டாலிங்கரும் அவருடைய குழுவினரும் 1997இல் காட்டினார்கள்.

அளவு மீறிப்போனால் நத்தையும் தப்பாது. தீனி குறையும், வளர்ச்சி தடைப்படும். ஆனால் அந்த எல்லைவரை, கட்டிப்போட்ட நஞ்சோடு அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கும். பிறகு சுத்தமான தீனியைப் போட்டாலும் காட்மியம் லேசில் வெளியேறாது.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்போம். நத்தை விஷயத்தில் அது செல்லாது. ஓடு பளபளக்கும், முட்டையும் இடும். உள்ளே இருப்பதை முகம் சொல்லாது. அந்த நத்தையைத் தின்னும் செம்போத்துக்கு எப்படித் தெரியும்? வாத்துக்கு எப்படித் தெரியும்? நத்தை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சேர்த்து வைத்த மூட்டை, அதைத் தின்னும் உயிரின் வயிற்றில்தான் அவிழ்கிறது.

முகம் சொல்லாததைச் சோதனைக்கூடம் சொல்லும் அல்லவா? அதனால் நத்தையையே வேவு பார்க்க அனுப்புகிறார்கள். வட பிரான்சில் நுவாயெல் கோதோ என்ற ஊரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிய உலோக உருக்காலை 2003இல் மூடப்பட்டது. ஆலைதான் மூடியது, சுற்றிலும் மண்ணில் ஈயமும் காட்மியமும் துத்தநாகமும் தங்கிவிட்டன. அதுபோன்ற இடங்களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நத்தைகளைக் கூண்டில் அடைத்துத் தரையோடு தரையாக வைத்தார்கள். அங்கேயே பிடித்த நத்தை என்றால் அதற்கு என்ன வயது, எத்தனை நாள் எதைத் தின்றது என்று தெரியாது. சோதனைக்கூடத்தில் வளர்த்த ஒரே வயது நத்தைகளென்றால் கணக்கு சுத்தமாக இருக்கும். நான்கு வாரம் கழித்து எடுத்து அளந்தால் தெரிந்துவிடும். மண்ணில் எவ்வளவு உலோகம் கிடக்கிறது என்பதைக் கருவியே சொல்லும். அதில் எவ்வளவு ஓர் உயிருக்குள் ஏறுகிறது என்பதை நத்தைதான் சொல்ல முடியும்.

சரி, இதில் நமக்கு என்ன?

நம் ஊரில் மருந்தென்றும் கறியென்றும் நத்தை சமைப்பவர்கள் உண்டு. அவர்கள் எடுப்பது பெரும்பாலும் வயலிலும் குளத்திலும் வாழும் நீர் நத்தை. தரை நத்தை வேறு இனம். சாலையோரத்திலும் குப்பைமேட்டிலும் பட்டறைப் பக்கத்திலும் பொறுக்கிய நத்தையை உலையில் போடாதீர்கள், வாத்துக்கும் கோழிக்கும் போடாதீர்கள். ஆப்பிரிக்க நத்தை மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழுவையும் சுமக்கக்கூடியது. வெறுங்கையால் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. பட்டறையோ பழைய கிடங்கோ இருந்த காலிமனையில் கீரைப்பாத்தி போட நினைப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் விளையாட இடம் ஒதுக்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. வழக்கமான மண் பரிசோதனையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று பயிருக்கு வேண்டியதைத்தான் பார்ப்பார்கள். ஈயத்தையும் காட்மியத்தையும் பார்க்கும்படி நீங்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும். பச்சைப்பசேலென்று புல் முளைத்திருக்கிறது, நத்தை ஊர்கிறது, ஆகவே நல்ல மண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நத்தை அங்கே பிழைத்துக்கொள்ளும். அதன் உடலில் இருக்கும் பூட்டு வேறு, உங்கள் பிள்ளையின் உடல் வேறு.