தோபாவின் சாம்பலும் நம் எதிர்காலக் கணக்கும்

மனித குலத்தின் நெடுங்கால எதிர்காலத்தை ஆராயக் கூடியிருக்கும் கருத்தரங்குக்குத் தொல்லியல் பக்கத்திலிருந்து ஒருவரைத் தலைமை தாங்க அழைத்தது எனக்குப் பெருமை, அமைப்பாளர்களுக்குத் துணிச்சல். கிடைத்த மேடையில் பழைய வழக்கு ஒன்றைத் தூசு தட்டி எடுத்துவிடுவேனோ என்று அவர்கள் அஞ்சியிருந்தால், அந்த அச்சம் நியாயமானதே. பொதுத் தலைப்பைப் பற்றி இந்த அவைக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகிச் சுமார் 100 கோடி ஆண்டுகளில் கடல்களை வற்றவைக்கும் என்பதும், ஓலாஃப் ஸ்டேபிள்டன் 1930ஆம் ஆண்டு நாவலில் நம் இனம் தொடங்கி 18 மனித இனங்களைக் கற்பனையில் வரிசைப்படுத்தினார் என்பதும், ரிச்சர்ட் காட் 1993இல் நமக்கு இன்னும் 5,100 முதல் 78 லட்சம் ஆண்டுகள்வரை ஆயுள் கணித்தார் என்பதும் நீங்கள் அறிந்தவை. இவ்வளவு பெரிய எண்களைப் பேசும் இந்தத் துறை, மண்ணுக்கடியில் இருக்கும் சான்றை ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பதே என் கேள்வி.

சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அதன் விளைவாக மனித குலம் சில ஆயிரம் பேராகச் சுருங்கியது என்ற கருத்தை 1998இல் ஸ்டான்லி ஆம்புரோஸ் வலுவாக முன்வைத்தார். பேரழிவு பற்றிய எழுத்துகளில் அது இன்றும் உலவுகிறது. ஆனால் ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் குழுவினர் தோபாச் சாம்பலுக்குக் கீழும் மேலும் கற்கருவிகளைக் கண்டு 2007இல் வெளியிட்டனர். இரண்டுக்கும் இடையே பெரிய மாற்றமில்லை. மத்தியப் பிரதேசத்தின் சோன் பள்ளத்தாக்கில் உள்ள தாபாவில் கிடைத்த கருவிகளும் அதே தொடர்ச்சியைக் காட்டுவதாக 2020இல் ஓர் ஆய்வு வந்தது. ஜ்வாலாபுரக் கருவிகள் நம் இனத்தவருடையவை என்பதை மறைந்த பேராசிரியர் பால் மெல்லர்ஸ் ஏற்கவில்லை. அங்கே அக்கருவிகளோடு மனித எலும்பு கிடைக்கவில்லை, நம் இனம் இந்தியாவுக்கு வந்ததே தோபாவுக்குப் பிறகுதான், ஆகவே அக்கருவிகள் வேறு மனித இனத்தவருடையவை என்பது அவர் வாதம். எலும்பு இல்லை என்பது உண்மை. ஆயினும் அந்த மறுப்போடு ஜ்வாலாபுரத்தின் முக்கியத்துவமும் முடிந்துவிட்டதாகப் பலர் கருதியதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மெல்லர்ஸ் சொன்னது சரியென்றால், நம் கேள்விக்கு அந்தச் சான்றின் மதிப்பு கூடுகிறது.

காரணத்தைச் சொல்கிறேன். கடந்தகாலத்தை வைத்து ஆபத்தை அப்படியே அளக்க முடியாது என்று ஆய்வாளர்கள் சிர்கோவிச், சாண்ட்பர்க், போஸ்ட்ரம் மூவரும் 2010இல் எச்சரித்தனர். நம் முன்னோர் அழிந்திருந்தால் கணக்கெடுக்க நாம் இருந்திருக்கமாட்டோம். எனவே நம் வரலாறு எப்போதும் தப்பிப் பிழைத்த வரலாறாகவே நமக்குத் தெரியும். மறுக்க முடியாத தர்க்கம் இது. ஆனால் அது நம் வம்சத்தோடு நின்றுவிடுகிறது. ஆப்பிரிக்காவில் நம் முன்னோர் பிழைத்து, இந்தியாவில் இருந்தவர்கள் பூண்டோடு அழிந்திருந்தாலும் நாம் இங்கே இருந்திருப்போம். சாம்பலுக்கு மேல் கருவி இல்லாததைக் கண்டும் இருப்போம். கண்டது அதுவல்ல. நமக்கு மூதாதையர் அல்லாதவர்களின் கதையே, நம் இருப்பால் வடிகட்டப்படாத சாட்சி.

அந்தச் சாட்சி சொல்வது ஆறுதலாகவும் இல்லை. தோபாவைத் தாண்டியவர்கள் நம்மவர் அல்லர் என்றால், அவர்கள் பின்னர் எப்படி மறைந்தார்கள்? சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்த நியாண்டர்தால்கள் ஒரு குறிப்புத் தருகிறார்கள். பிரான்சின் மாந்திரன் குகையில் கிடைத்த ஒருவரின் மரபணுவை 2024இல் ஆராய்ந்தபோது, அவருடைய கூட்டம் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் பிற நியாண்டர்தால்களோடு கலக்காமல் தனித்திருந்தது தெரிந்தது. அவர்களை அழித்தது நம் இனம்தானே என்று கேட்பீர்கள். நம் வருகைக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் கிறிஸ்ட் வேசன் குழுவினரின் 2019 கணினி மாதிரியில் நம்மைச் சேர்க்காமலேயே அவர்கள் அழிய முடிந்தது. நெருங்கிய உறவுக்குள் மணப்பது மட்டும் மிகச் சிறிய கூட்டங்களையே வீழ்த்தியது. துணை கிடைக்காத நிலையும், பிறப்பு இறப்பில் நேரும் தற்செயல் ஏற்றத்தாழ்வும் சேர்ந்தபோதுதான் பெரிய கூட்டங்களும் வீழ்ந்தன.

800 கோடிப் பேருக்கு இது பொருந்துமா என்றால், இன்றைக்குப் பொருந்தாது. ஆனால் மனித குலத்துக்குக் காப்பீடு என்று சொல்லி நாம் தீட்டும் செவ்வாய்க் குடியேற்றத் திட்டங்களுக்குப் பொருந்தும். செவ்வாய்க்குப் புறப்பட உகந்த காலம் சுமார் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. அங்கே குடியேறும் சில நூறு பேர், பூமியே இல்லாமல் போகும் நாளுக்காக வைக்கப்படுகிறவர்கள். அந்த நாளில் அவர்கள் நிலை மாந்திரன் கூட்டத்தின் நிலைதான். உறைந்த கருக்களைக் கொண்டுபோனால் மரபணுக் குறை தீரலாம். மற்ற இரண்டும் தீரா. பூமியில் நெருங்கி வாழ்வதும் கொள்ளைநோயைப் பரப்பும் என்பது சரியான எதிர்வாதம். ஆயினும் இடி தாங்கிய இனம் பிரிந்து மெலிந்து போனதற்கே நம்மிடம் சான்று இருக்கிறது. சிதறி வாழ்ந்ததால் நிலைத்ததற்கு அந்த அளவு சான்று இல்லை. ஆகவே இந்த அரங்கில் குடியேற்றம் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் எத்தனை பேர், எத்தனை ஆண்டுக்கொரு முறை வெளித்தொடர்பு என்ற இரண்டு எண்களை முதலில் சொல்லட்டும். அவை இல்லாத எதிர்காலத் திட்டத்தை ஆய்வாக ஏற்க வேண்டியதில்லை என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.