மறுசாவி யார் கையில்?

(மாதக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வாடகைக் குடித்தனம் நமக்குப் புதிதல்ல. ஊரை விட்டு வந்த நாள் முதல் பிறர் வீட்டில்தான் வாழ்கிறோம். கதவுக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் வீட்டுக்காரரிடம் மறுசாவி உண்டு என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகள் படிக்க நாம் வாங்கித் தரும் லேப்டாப்பிலும் அப்படியொரு மறுசாவி இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டிலுள்ள சிறு சிப்பில் எழுதிவைத்த ஃபர்ம்வேர்தான் முதலில் விழித்து மற்றவற்றை எழுப்புகிறது. அது கெட்டால் மேலே உள்ள எதையும் நம்புவதற்கில்லை. 2018இல் ஈசெட் நிறுவனத்தார் கண்டுபிடித்த லோஜாக்ஸ் என்னும் நாசநிரல், ஹார்டு டிஸ்கையே மாற்றினாலும் போகாது. அது குடியிருந்த இடம் ஃபர்ம்வேர்!

ஜோவானா ருட்கோவ்ஸ்கா என்ற போலந்து ஆய்வாளர் தொடங்கிய கியூப்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பு 2012இல் வந்தது. அது ஒரே கணினியைப் பல அறைகளாகத் தடுக்கிறது. வங்கிக் கணக்குக்கு ஓர் அறை, சங்க வேலைக்கு ஓர் அறை, முன்பின் தெரியாதவர் அனுப்பியதைத் திறக்க ஓர் அறை. ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குப் பரவக்கூடாது என்பதே நோக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சுவர்கள் நிற்கும் இன்டெல் அடித்தளத்தையே நம்ப முடியவில்லை என்று 2015இல் அவரே விரிவாக எழுதினார். அங்கே மேனேஜ்மென்ட் எஞ்சின் என்று தனியே ஒரு குட்டிக் கணினி ஓடுகிறது. நம் இயங்குதளத்துக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை.

இது வீண் பயமா? தொலைவிலிருந்து அலுவலகக் கணினிகளை நிர்வகிக்க அந்த எஞ்சினில் ஒரு வசதி உண்டு. அதை இயக்கி வைத்திருந்த கணினிகளில் பாஸ்வேர்டு இல்லாமலே நெட்வொர்க் வழியாக நுழையலாம் என்பது 2017 மே மாதம் வெளிவந்தது. 2010 முதல் வந்த சிப்புகளில் இருந்த ஓட்டை அது! அதே ஆண்டு, அந்த எஞ்சினை முடக்கும் ரகசிய சுவிட்சு ஒன்றையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். அமெரிக்க அரசின் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்காக வைத்தது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. அரசுக்கு சுவிட்சு உண்டு. காசு கொடுத்து வாங்கிய நமக்கு இல்லை. இதுதான் அரசியல், தோழர்களே!

மாற்று வழி உண்டா? கோர்பூட் என்னும் திறந்த ஃபர்ம்வேர் 1999இல் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கியது. 2012இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230 அதை ஏற்கும். கியூப்ஸும் அதில் ஓடும். ஆனால் அதன் சிப்புக்கு இன்டெல் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது. புதிய லேப்டாப்புக்குத் திருத்தம் வரும். ஆனால் கம்பெனி கையொப்பமில்லாத ஃபர்ம்வேர் ஓடாதபடி பலவற்றில் பூட்டிவிட்டார்கள். திறக்கக் கூடியதற்கு மருந்தில்லை; மருந்துள்ளதைத் திறக்க முடியாது!

கியூப்ஸ் எல்லா வீட்டுக்கும் உரியதல்ல. 16 ஜிபி நினைவகம் இருந்தால்தான் வசதியாக ஓடும். ஒரே எக்ஸ்230 மாடலிலும் ஐ3 சிப் உள்ளதில் தேவையான வசதி கிடையாது. ஆனால் ஃபர்ம்வேர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. லாமிங்டன் ரோட்டிலோ நேரு பிளேஸிலோ பழைய லேப்டாப் வாங்கும்போது, பணம் கொடுக்குமுன் பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டு இருந்தால் வாங்காதீர்கள். தொலை நிர்வாக வசதியை அணைத்துவிடுங்கள். தயாரித்த கம்பெனியின் கடைசி ஃபர்ம்வேர் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவை தற்காப்பு மட்டுமே. உரிமை வேறு. திருத்தம் தருவதை நிறுத்தும் கம்பெனி, பூட்டைத் திறக்கும் சாவியை வாங்கியவரிடம் ஒப்படைக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை நாம் எழுப்ப வேண்டும். வாடகை வீட்டில் மறுசாவியைப் பொறுத்துக்கொள்கிறோம். உழைத்த காசில் வாங்கிய பொருளிலும் பொறுத்துக்கொள்வதா? சிந்தியுங்கள், தோழர்களே!