துப்பாக்கியை வண்டியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. அவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு சில ஆண்டுகள் ஆயுதக் காவலராக வேலை பார்த்தவர்.)



குடிதண்ணீர், தெருவிளக்கு, குப்பை வண்டி என்று பேசும் மேடையில் துப்பாக்கியைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். சென்ற கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, அமெரிக்காவுல வேலைக்குப் போறவங்க கார்ல துப்பாக்கி வச்சுக்கலாம்னு சட்டமே இருக்காமே. லைசென்ஸ் வாங்கின நம்மாளுக்கு ஏன் அந்த உரிமை இல்ல?" நியாயமான கேள்விதான். பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்கிறேன்.

ராணுவத்திலிருந்து வந்த பிறகு, சொந்த லைசென்ஸில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஓய்வுக்குப் பின் கிடைக்கும் வேலை அதுதான். துப்பாக்கியோடு வந்தால் சம்பளம் கொஞ்சம் கூடுதல். ஓர் இடத்தில் மேலாளர் சொன்னார்: "சாப்பாட்டு நேரத்துல இதைத் தூக்கிக்கிட்டு உள்ள வராதீங்க. பொம்பளப் பிள்ளைங்க பயப்படுது. உங்க கார்லயே வச்சுட்டு வாங்க." நானும் உறையில் போட்டு டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவேன். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று அது பழக்கமாகிவிட்டது. கையில் இருக்க வேண்டிய பொருள், ஸ்டெப்னி டயரைப் போல டிக்கியிலேயே கிடக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் காரை வாட்டர் வாஷுக்கு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் போன். "சார், டிக்கியில நீளமா ஒரு பை இருக்கு. கனமா இருக்கு. எடுத்து வெளிய வைக்கட்டுமா?" பேசியவனுக்குப் பதினேழு வயதுகூட இருக்காது. "தொடாதே, அங்கேயே நில்லு" என்று சொல்லிவிட்டு, செருப்பு போடாமல் ஓடினேன். பையின் பக்கவாட்டில் இரண்டு தோட்டா இருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் யோசிக்கிறேன். இருபது ஆண்டுக்கு மேல் ஆயுதத்தோடு வாழ்ந்த எனக்கே இந்த நிலை.

இப்போது நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இருப்பது உண்மை. 2002 அக்டோபரில், ஓக்லஹோமா மாநிலத்தில் வேலியன்ட் என்ற ஊரில் இருந்த ஒரு காகித ஆலை, ஊழியர்களின் வண்டிகளைச் சோதனை போட்டது. வண்டியில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் வேலை இழந்தார்கள். அது வேட்டைக்குப் பேர்போன ஊர். பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 2004ல் அந்த மாநிலம், வண்டியில் பூட்டி வைத்த துப்பாக்கிக்கு முதலாளி தடை போடக்கூடாது என்று சட்டம் செய்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2008ல் புளோரிடாவும், 2011ல் டெக்சாஸும் இதே வழியில் போயின.

ஆனால் புளோரிடா சட்டத்தில் சில இடங்களுக்கு விலக்கு உண்டு. பள்ளிக்கூடமும் சிறைச்சாலையும் அவற்றில் அடக்கம். துப்பாக்கி உரிமையைப் பெரிதாகப் பேசும் நாடே அங்கே நிறுத்திக்கொண்டது. நம் காலாப்பட்டை நினைத்துப் பாருங்கள். 1985ல் தொடங்கிய பல்கலைக்கழகம், சட்டக் கல்லூரி, பக்கத்தில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, மத்திய சிறை. நம்மில் பாதிப் பேருக்கு வேலை இந்த வளாகங்களில்தான். வண்டி நிறுத்தும் இடமும் இந்த வளாகங்களுக்குள்தான்.

நம் நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை கிடையாது. அரசு தரும் அனுமதி மட்டுமே. இது சும்மா வந்ததல்ல. 1878ல் வெள்ளைக்காரன் ஆயுதச் சட்டம் போட்டு இந்தியர்களை நிராயுதபாணியாக்கினான். அந்தக் கோபம் நம் தலைவர்களுக்கு இருந்தது. 1911ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இதே புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியதாகத்தானே நம் ஊரில் சொல்கிறோம்! 1931ல் கராச்சி காங்கிரஸ், விதிமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமக்களுக்கு வேண்டும் என்றே தீர்மானம் போட்டது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கச் சொன்னபோது, அம்பேத்கர் ஏற்கவில்லை. எல்லோருக்கும் உரிமை என்று எழுதிவிட்டால் குற்றவாளியும் வந்து கேட்பானே என்பது அவர் கவலை. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்.

இன்றைய விதிகளில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். லைசென்ஸ் உங்கள் பெயருக்குத்தான், உங்கள் வண்டிக்கு அல்ல. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் துப்பாக்கியை உறையில் போட்டு, முழுவதும் மூடி, எடுத்துப் போகிறவரின் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். நீங்கள் மூன்றாவது மாடியில் வேலை பார்க்கும்போது, கீழே நிற்கும் காரின் டிக்கி உங்கள் கட்டுப்பாட்டிலா இருக்கிறது? லைசென்ஸின் பின்னால் உள்ள நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். தனி அனுமதி இல்லாமல் கல்வி நிலைய வளாகத்துக்குள்ளோ, திருவிழா ஊர்வலத்துக்கோ கொண்டு போகக்கூடாது. காணாமல் போனால் உடனே காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். நிபந்தனையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிது, லைசென்ஸ் ரத்தாகலாம். காவலர் வேலை பார்ப்பவனுக்கு லைசென்ஸ் போனால் பிழைப்பே போய்விடும்.

"அப்படியானால் தொழிலாளிக்கு ஒரு உரிமையும் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்க வேண்டும். அது காரில் வைக்கும் உரிமை அல்ல, வேலை செய்யும் இடத்தில் பத்திரமாக வைக்க ஓர் இடம் கேட்கும் உரிமை. ராணுவத்தில் ஆயுதம் வைக்கும் அறையைக் 'கோத்' என்போம். கையெழுத்துப் போட்டு எடுப்போம், எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம். ஒரு தோட்டா குறைந்தாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. நூறு பேர் துப்பாக்கியை வைத்துக் காக்க ராணுவத்துக்கு முடிகிறது. ஒரே ஒரு காவலரின் துப்பாக்கிக்கு ஒரு இரும்புப் பெட்டி வைக்க நிறுவனத்துக்கு முடியாதா? துப்பாக்கிக்காகத்தானே அவரை வேலைக்கு எடுத்தார்கள்? காவல் காக்கும்போது அது அவர்களுக்கு வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அது அவர் தலைவலி என்றால் எப்படி? அன்றைக்கு அந்த மேலாளரிடம் நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தவறு.

ஆகவே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, காவலர் வேலை பார்க்கும் உறுப்பினர்கள், பூட்டும் பெட்டியும் வேண்டும், கையெழுத்துப் போட ஒரு பதிவேடும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் சங்கத்தின் மூலம் கேட்போம். செயலாளர் கடிதம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டு, தற்காப்புக்காக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வேலைக்குப் போகும்போது அதை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். தோட்டா வேறு இடத்தில், சாவி உங்களிடம். நீண்ட நாள் வெளியூர் போனால், லைசென்ஸ் பெற்ற ஆயுத வணிகரிடமோ காவல் நிலையத்திலோ பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

மூன்று, வீட்டில் உள்ளவர்களுக்கு. வண்டியைச் சர்வீஸுக்கு விடும் முன், டிரைவரிடம் சாவி கொடுக்கும் முன், "டிக்கியில ஏதாவது இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என் வீட்டில் இப்போது என் மனைவி ஒவ்வொரு முறையும் கேட்கிறார். எனக்குக் கோபம் வருவதில்லை.

அந்த வாட்டர் வாஷ் பையன் இப்போது சொந்தமாகக் கடை போட்டிருக்கிறான். என்னைப் பார்த்தால் சிரித்துக்கொண்டே, "சார், இன்னைக்கு டிக்கி காலிதானே?" என்பான். அவன் சிரிக்க முடிகிறதே, அது போதும்.