அந்த ஆயிரம் ரூபாய்க்கு என்ன பேர்?

ஒரு பதினைஞ்சாம் தேதி காலையில எங்க பெரியம்மா ஃபோன் பண்ணி, "உரிமைத்தொகை ஏறிடுச்சுடா"ன்னாங்க. அன்னைக்கு மதியமே ஆபீஸ் கேன்டீன்ல ஒரு நண்பர், "இந்த ஃப்ரீபீ எல்லாம் நம்ம டேக்ஸ் காசு மச்சி"ன்னான். ரெண்டு பேரும் பேசினது அதே ஆயிரம் ரூபாயைப் பத்தித்தான். யார் சொன்ன பேர் சரி?

தமிழ்நாட்டுல இந்தப் பேர் மாறிக்கிட்டே வந்திருக்கு. 2006-ல ஜெயிச்ச திமுக அரசு குடுத்தது 'இலவச' கலர் டிவி. 2011-ல வந்த அதிமுக அரசோட மிக்சி, கிரைண்டர், ஃபேனுக்கு 'விலையில்லா'ன்னு பேர். வயசானவங்களுக்கு மாசாமாசம் வர்றது 'உதவித்தொகை'. 2023 செப்டம்பர் 15 அன்னைக்கு காஞ்சிபுரத்துல தொடங்கினது 'மகளிர் உரிமைத் தொகை'.

இலவசம்னா குடுக்கிறவரோட தாராளம். விலையில்லான்னா வாங்குறவங்க கூச்சப்பட வேண்டாம்னு அர்த்தம். உதவின்னா, நமக்கு இல்லைன்னு நாம நிரூபிக்கணும். உரிமைன்னா அது ஏற்கெனவே நம்மளோடது. வரலைன்னா ஏன்னு கேட்கலாம்.

ஆனா ஒரு விஷயம். கோடிங்ல வேரியபிள் பேரை மாத்தினா மட்டும் ப்ரோகிராம் வேற வேலை செய்யாது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும்.

வீட்டுல பெண்கள் சம்பளமில்லாம பார்க்கிற வேலைக்கு அங்கீகாரம்னுதான் இந்தத் தொகைக்குக் காரணம் சொன்னாங்க. அதே நேரம், 2023-ல வச்ச விதிப்படி குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, கரண்ட் 3600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. 3601 யூனிட் ஆன வீட்டுல யாரும் சமைக்கலையா, துவைக்கலையா? பேர் உரிமைன்னு சொல்லுது, விதி உதவின்னு சொல்லுது. பணம் குறைவா இருக்கும்போது ஏழைகளுக்கு முதல்ல போகட்டும்ங்கிறது நியாயமான வாதம்தான். அப்போ அதோட நோக்கம் வறுமைக் குறைப்புன்னு நேரா சொல்லிடலாமே.

முழு உரிமை எப்படி இருக்கும்? நூறு நாள் வேலைக்காக 2005-ல வந்த சட்டத்தைப் பாருங்க. வேலை கேட்டு 15 நாளுக்குள்ள கிடைக்கலைன்னா, வேலையில்லாப் படி தரணும்னு அதுலயே எழுதினாங்க. நடைமுறையில ஓட்டை இருந்தது, ஆனா கேட்கிறதுக்குச் சட்டத்துல ஒரு வரி இருந்தது. மகளிர் தொகையிலயும் விண்ணப்பம் நிராகரிச்சா 30 நாளுக்குள்ள கோட்டாட்சியர்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம்னு வச்சாங்க. என்னைக் கேட்டா, அந்தத் திட்டத்துல 'உரிமை'ங்கிற சொல்லுக்கு நிஜமா அர்த்தம் குடுக்கிறது அந்த 30 நாள்தான்.

அதனால அடுத்த தடவை கேன்டீன்ல இந்தப் பேச்சு வந்தா, இலவசமா உரிமையான்னு சண்டை போடாம ரெண்டு கேள்வி கேளுங்க. இது எதுக்காகத் தர்றாங்க? வரலைன்னா யார் பதில் சொல்லணும்?

எங்க பெரியம்மாவுக்கு முதல் கேள்விக்குப் பதில் தெரியும். "இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன்ல"ன்னாங்க. ரெண்டாவது கேள்விக்குத்தான் அவங்ககிட்ட பதில் இல்லை. அந்த மேல்முறையீடு பத்தி நான் சொல்லித்தான் அவங்களுக்கே தெரியும். உங்க வீட்டுலயும் சொல்லி வைங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.