களத்துமேட்டுக் கணக்கும் நாவலூர் வட்டாரத்துச் சிற்றூர்களும்



இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளில் மிகுதியும் பாடப்பெற்ற பொருள் எது என வினவினால், காதலும் இல்லை, அரசியலும் இல்லை, ஊர் என்பதே விடையாகும். தொலைந்த ஊர், விற்கப்பட்ட ஊர், தூர்ந்த ஏரி, வெட்டுண்ட பனை ஆகியன மேடைதோறும் கண்ணீரோடு பாடப்பட்டன. அக்கண்ணீர் மெய்யானதே. ஆனால், பாடப்பெற்ற அவ்வூர் எத்தகையது, அங்கு யார் எதனை உண்டனர், யாருக்கு எவ்வளவு அளந்தனர் என்னும் வினா அரிதாகவே எழுந்துள்ளது. அவ்வினாவுக்கு விடை சொல்லும் சான்றுகள் இவ்வட்டாரத்திலேயே உள்ளன. அவற்றைச் சுட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

நாவலூர் என்னும் பெயர் தமிழகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு உரியது. சுந்தரர் பிறந்த திருநாவலூர் தெற்கே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் உள்ளது. அதனோடு இதனை மயக்குதல் வேண்டா. இந்த நாவலூர் பழைய மாமல்லபுரம் சாலையில், செம்மஞ்சேரிக்குத் தெற்கும் சிறுசேரிக்கு வடக்குமாக, கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் மேற்கே தாழம்பூரும் சூழக் கிடப்பது. நாவல், தாழை என மரஞ்செடிகளே ஊர்ப்பெயர்களாக நிற்கும் நிலம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தினின்று பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது அதன் பகுதியாயிற்று. இக்காலத்தார் பலருக்கு நாவலூர் என்றவுடன் நினைவுக்கு வருவது சுங்கச்சாவடியே. 2023 அக்டோபரில் அங்குச் சுங்கம் நிறுத்தப்பட்டதும் அந்த அடையாளமும் பழங்கதையாயிற்று.

பெரிய ஊர்களின் வரலாறு கல்லில் உள்ளது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதற் பராந்தகன் காலத்தவை. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையினையும் ஏரி வாரியத்தினையும் உலகறியச் செய்தவை. நாவலூர் போன்ற சிற்றூர்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவற்றின் வாழ்க்கை ஓலையில் எழுதப்பட்டது. எழுதியவர் புலவர் அல்லர், ஊர்க் கணக்கர்.

1763இல் ஆற்காட்டு நவாபு முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாகீராக அளித்தார். அதில் அடங்கிய ஏறத்தாழ 2,000 ஊர்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அளந்து பதிந்தார். அப்பதிவுக்கு அடிப்படையாயிருந்தவை ஊர்க் கணக்கர்களின் ஓலைகள். ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னை ஆவணக் காப்பகத்தில் உறங்கிக்கிடக்க, அவற்றை இக்கால அறிஞருலகின் கவனத்திற்குக் கொணர்ந்தவர் காந்தியச் சிந்தனையாளர் தரம்பால். தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாராலும் ஆராயப்பெற்றன. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகள் 2001இல் நூல்வடிவம் பெற்றன. நாவலூரிலிருந்து அதே சாலையில் தெற்கே சென்றால் வருவது அத்திருப்போரூர். சிதம்பர சுவாமிகள் சந்நிதி முறை பாடிய தலமாகவே அதனைத் தமிழுலகம் அறியும். ஒரு குடியிருப்பாக, ஒரு களத்துமேடாக அவ்வூரை அறிவிப்பன அந்த ஓலைகளே.

அவ்வோலைகளில் என்ன உள்ளது? வீடு வீடாகக் குடிகளின் தொழில். மனையின் நீள அகலம். நன்செய், புன்செய், தோப்பு, ஏரி, புறம்போக்கு. கோயிலுக்கும் ஊழியருக்கும் விடப்பட்ட மானியங்கள். விளைச்சலில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு. இவற்றுள் இறுதியில் சொன்னதே கவிஞர்கள் நின்று நோக்க வேண்டிய இடம்.

அறுவடை முடிந்து, போரடித்து, தூற்றி, நெல்லைப் பொலியாகக் குவித்தபின், அதன்மேல் சாணிப்பாலால் குறியிட்டு வைப்பர். அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் இலாபம் என்று எண்ணுவர். அரசுக்கும் உழுதவனுக்கும் வாரம் பிரியுமுன்பே குவியலிலிருந்து எடுக்கப்படும் பங்குகள் சில. அளக்கும்போது எடுப்பன சில. அளந்தபின் எடுப்பன சில. கணக்கர், தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், மதகு திறந்து நீர் பாய்ச்சுபவர், பஞ்சாங்கம் சொல்பவர், ஊர்த் தெய்வத்துக்குப் பூசை செய்பவர், தொலைவிலுள்ள பெருங்கோயில், மடம், பக்கிரி என நீளும் அவ்வரிசை. மரக்காலும் படியுமாக அளந்து தரப்பட்ட இப்பங்குக்கு மேரை என்பது பெயர். கொல்லன் கலப்பைக் கொழு அடித்ததற்கு அன்றன்று கூலி பெறவில்லை. ஊரின் விளைச்சலில் அவனுக்கு ஒரு பாத்தியதை இருந்தது. விளைந்தால் அவனும் உண்டான். பொய்த்தால் அவனும் பட்டினி கிடந்தான்.

இத்தகைய பங்குரிமைக்கு மற்றொரு பெயரும் ஆவணங்களில் பயில்கின்றது. அச்சொல் சுதந்திரம்! பாரதி பாடி, மேடைதோறும் முழங்கி, இன்று விடுதலை என்ற ஒரே பொருளில் நிலைத்துவிட்ட அச்சொல், செங்கல்பட்டுச் சீமையின் களத்துமேட்டில் மரபுரிமையாக வரும் நெற்பங்கைக் குறித்தது. ஊர்ச் சுதந்திரம் என்றால் ஊருக்கு உரிய நெல். ஒரு சொல்லின் பொருள் மரக்காலிலிருந்து கொடிமரத்துக்கு ஏறிய கதை இது. இதைப் பற்றி இன்னும் ஒரு நல்ல கவிதை எழுதப்படவில்லை என்பது வியப்பே.

காணி என்பதும் அவ்வாறே. இப்பகுதியின் அளவையில் 100 குழி கொண்டது ஒரு காணி. சதுர அடியில் 57,600. ஏக்கரில் ஏறத்தாழ 1.32. காணியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு ஒரு மனை. 57,600ஐ 24ஆல் வகுத்தால் 2,400 வரும். பழைய மாமல்லபுரம் சாலையின் விளம்பரப் பலகைகளில் கிரவுண்டு எனக் கூவி விற்கப்படும் 2,400 சதுர அடி இதுவே. பழங் கணக்கனின் அளவுகோல் மாறவில்லை. அளக்கப்படும் பொருள்தான் மாறியது. பராசக்தியிடம் பாரதி கேட்ட நிலத்தை இன்றைய நாவலூரில் வாங்க வேண்டுமாயின் 24 கிரவுண்டு வாங்க வேண்டும். அந்த வேண்டுதலின் பெருமதி அவர் காலத்தைவிட இப்போது நன்கு விளங்கும்.

காணியாட்சி என்பதற்குப் பாரசீக வழி வந்த ஆட்சிச்சொல் மிராசு. இதனைத் துருவி ஆராய்ந்தவர் தமிழுலகம் எல்லீசர் எனப் போற்றும் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். குறளுக்கு உரை கண்ட அவர் சென்னையின் கலெக்டராகவும் இருந்தார். மிராசுரிமை பற்றி அரசு கேட்ட பதினேழு வினாக்களுக்கு அவர் எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. அவருக்குத் துணைநின்ற சங்கரையாவின் புலமையும் அதனுள் உண்டு. குறளுக்கு எழுதிய உரையினும் இந்நூல் தமிழருக்குப் பயன் குறைந்ததன்று. ஊர்நிலத்தை ஆண்டவர்கள் அதனைப் பங்குகளாகக் கொண்டிருந்தனர் என்றும், குறித்த காலத்துக்கு ஒருமுறை நிலத்தை மறுபடி கூறுபடுத்தி மாற்றிக்கொள்ளும் முறை பசுங்கரை என்றும், மாற்றமின்றி நிலையாகப் பிரித்துக்கொள்ளும் முறை அறுதிக்கரை என்றும் அவர் விளக்குவார். பசுங்கரை ஊரில் நல்ல வயல் ஒருவனிடமே தங்கிவிடுவதில்லை. மதகடி நிலமும் கடைமடை நிலமும் கைமாறி வரும். ஏரி நீர் கடைமடைக்குச் செல்லாவிடில் நாளை அக்கடைமடை தன்னுடையதாகலாம் என்னும் அச்சமே பொதுநலத்துக்குக் காவலாய் நின்றது எனலாம்.

இவ்வமைப்பு குலைந்த வரலாறு நீண்டது. சுருங்கச் சொன்னால் போதும். 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் சீமை பாழாயிற்று. 1794 முதல் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுதுபார்த்தார். மதுராந்தகத்து ஏரி காத்த இராமர் கதையில் வரும் துரை இவரே. பின்னர் 1820இல் ஆளுநராக வந்த தாமஸ் மன்றோவின் இரயத்துவாரி முறை ஊரைப் பாராது தனித்தனிப் பட்டாதாரரைப் பார்த்தது. மன்றோ ஸ்காத்துலாந்துக்காரர். அவருடைய நாட்டிலும் 1791 முதல் 1799 வரை, சர் ஜான் சின்கிளேர் என்பார் வினாநிரல் அனுப்ப, 938 திருச்சபைப் பங்குகளின் குருமார் தத்தம் ஊரின் குடி, விளைவு, கூலி, பள்ளி, வறியோர் நிலை யாவற்றையும் எழுதி 21 தொகுதிகளாக்கினர். அங்குள்ள சிற்றூரார் தம் முன்னோர் வாழ்வை இன்றும் அதில் படித்தறிகின்றனர். ஆட்டுப் பண்ணைக்காக மேட்டுநிலக் குடிகள் வெளியேற்றப்பட்டு ஊர்கள் பாழானபின்பும், அவ்வூர்களில் என்ன இருந்தது என்பது எழுத்தில் நின்றது. செங்கல்பட்டின் கணக்கு அதற்கு இருபதாண்டு முற்பட்டது. ஆயினும் இங்குள்ளோர் அதனைப் படிப்பதில்லை.

இதுவரை சொல்லியது ஒரு பக்கம். இத்துடன் நிறுத்தினால் இவ்வுரையும் மற்றுமொரு ஊர்ப்புலம்பலாகிவிடும்.

அக்கணக்கு வீட்டையும் தொழிலையும் கொண்டு எண்ணிய கணக்கு. கோயில் பணியிலிருந்த தேவரடியார் போன்ற சிலரை நீக்கினால், நாற்று நட்ட, களை பறித்த, நெல் தூற்றிய பெண்களின் உழைப்பு வீட்டுக்குள் அடங்கி மறைகின்றது. இன்னொரு மறைவு இதனினும் கொடியது. வெட்டியானுக்கு மேரை உண்டு. ஊரெல்லை பற்றி வழக்கு எழுந்தால் எல்லை அறிந்தவன் என அவன் சொல்லே சான்றாகும். ஆனால் அவன் நடந்து காட்டிய எல்லைக்குள் அவனுக்கென ஒரு குழி நிலம் இல்லை. ஊர் முழுதையும் அறிந்தவன் ஊருக்கு வெளியே குடியிருந்தான். சேரி என்னும் சொல் பழந்தமிழில் குடியிருப்பு என்ற பொதுப்பொருளே தந்தது. சோழர் காலப் பிரமதேயங்களில் பிராமணர் குடியிருப்புகளும் சேரி எனப்பட்டன. சிறுசேரி, செம்மஞ்சேரி என்னும் பெயர்களில் அப்பழம்பொருளின் தடம் இருக்கக்கூடும். அச்சொல் சுருங்கிச் சுருங்கி ஒரு மக்களை மட்டும் குறிப்பதாயிற்று.

சுதந்திரத்தையும் மேரையையும் தந்த அதே காணியாட்சிதான், உழுதவனுக்கு நிலத்தை மறுக்கும் கருவியாகவும் இருந்தது. 1843இல் அடிமை முறை சட்டத்தால் நீங்கியபின்னும் தரிசு நிலம் கேட்டு மனு எழுதிய பறையர் குடிகளுக்கு அது எளிதில் கிட்டவில்லை. மிராசுதாரருக்கே முன்னுரிமை என்பது வழக்கு. குடியிருந்த மனைக்கே உரிமைச்சீட்டு இல்லாதிருந்தோர் பலர். இதனை 1891இல் விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பியவர் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர். அதன் பயனாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்படுவது அதுவே. அடுத்த ஆண்டு, 1893இல், இதே மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை இதழின் நெற்றியில் எழுதிய அத்துணிவு தமிழ் இதழியல் வரலாற்றில் தனித்து நிற்பது.

வழங்கிய நிலம் வழங்கியவரிடம் தங்கவில்லை. பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன்பின்னும் அம்மக்களுக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்று விதி இருந்தும், நிலங்கள் பிறர் கைக்குச் சென்றன. 1994இல் மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் கிளர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர்நீத்தனர். வெளியூர்ச் செய்தியன்று இது. நாவலூர்ச் சாலை சென்று முடியும் திக்கில் நடந்தது. கவியரங்குகளில் பாடப்பெற்ற ஊரில் காரணை இடம்பெற்றதுண்டா என்று கேட்பது இவ்வவையைக் குறைகூறுவதற்கன்று. தமிழ்க் கவிதையில் ஊர் என்னும் சொல்லுக்குள் எந்தத் தெருவரை அடங்கும் என்பதை அறியவே அக்கேள்வி.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மென்பொருள் நிறுவனங்கள் வந்தன, சாலை ஆறு தடமாயிற்று, வயல் மனையாயிற்று. களத்துமேடு இருந்த இடம் தெரியவில்லை. களத்தில் நெல்லளந்த தலைமுறையின் எச்சமாய் எழுபதும் எண்பதும் கடந்த சிலர் நாவலூரிலும் தாழம்பூரிலும் படூரிலும் தையூரிலும் இருக்கின்றனர். தெருவுக்கு ஒருவராயினும் இருப்பர். இலாபம் என்று எண்ணத் தொடங்கி அடுத்தடுத்த மரக்காலுக்கு என்ன சொன்னார்கள், தங்கள் மதகுக்கு என்ன பெயர், அறுவடையில் யாருக்கு எத்தனை அரி விட்டார்கள் என்பதை அவர்கள் சொல்ல இயலும்.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுத் திட்டத்தில் வழக்கமான கவியரங்குகளோடு இப்பணியும் சேருமாயின் நன்று. உறுப்பினர் இருவர் இருவராக ஓர் ஊருக்குச் செல்லலாம். ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துச் சென்று, மேலத்தெருவில் கேட்ட அதே கேள்வியை அதே நாளில் சேரியிலும் கேட்டு, இரண்டு விடைகளையும் அருகருகே எழுதிவர வேண்டும். தை பிறக்குமுன் தொடங்குவது நல்லது. அறுவடை மாதத்தில்தான் முதியோர்க்கு இச்சொற்கள் தாமே நாவில் வரும்.